கிளிநொச்சி: குளத்தால் வந்த ஊர்

தெவிநுவரவில் இருந்து பருத்தித்துறை வரை ஒரே வானில் போக வேண்டும் என்பது எங்கள் பட்ச் முதலாம் வருடத்தில் போட்ட பிளான். தீவின் தெற்கு முனையில் காலை நனைத்துவிட்டு வடக்கு முனையில் போய் மறுபடி காலை நனைப்பது, அவ்வளவுதான். காசு சேர்ந்து, சோதனை முடிந்து, பதினொரு பேருக்கும் வீட்டில் விடை கிடைத்து நாங்கள் வெளிக்கிட மூன்றாம் வருடம் ஆகிவிட்டது.

பயணத் திட்டத்தை ஒரு நண்பி வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள். மூன்றாம் நாளுக்கு இப்படி இருந்தது: அநுராதபுரம், வவுனியா, முறிகண்டி (கச்சான்), கிளிநொச்சி (டீ, அரை மணித்தியாலம்), யாழ்ப்பாணம். அநுராதபுரத்துக்கு ஒரு முழு நாள், யாழ்ப்பாணத்துக்கு ஒன்றரை நாள், இடையில் கிளிநொச்சிக்கு ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம்.

அந்த வரி எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. நான் மலையகத்துப் பிள்ளை. ஆனால் கிளிநொச்சியில் எனக்கு ஒரு சின்னத் தாத்தா இருக்கிறார், அப்பாவின் சித்தப்பா. 1977 இல் பதினேழு வயதில் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டு வந்தவர். கல்யாண வீடுகளிலும் சாவு வீடுகளிலும் மட்டும் பார்த்த மனிதர். "அரை மணித்தியாலத்த மூணு மணித்தியாலம் ஆக்குங்க" என்று நான் குழுவில் எழுதினேன். நாலு பேர் கோபப்பட்ட முகம் போட்டார்கள். ஒருத்தி மட்டும், "மத்தியானச் சாப்பாடு கிடைக்குமெண்டா ஓம்" என்று எழுதினாள். சாப்பாடு நிச்சயம் என்று சின்னத் தாத்தா போனில் சொன்னதும் விஷயம் முடிந்தது.

பெப்ரவரி மாதம். மாங்குளம் தாண்டி வரும்போது காலபோக அறுவடை நடந்துகொண்டிருந்தது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, கிளிநொச்சி டவுனுக்குள் வந்தோம். முதலில் எல்லோரும் இறங்கியது அந்தப் போர் நினைவுச் சின்னத்தில்: பெரிய கொங்கிரீட் கட்டி ஒன்று, அதைத் துளைத்த எறிகணை, அதிலிருந்து ஓடும் வெடிப்பு, மேலே ஒரு தாமரைப் பூ. எங்கள் பட்ச்சில் நான்கு சிங்கள நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களும் படம் எடுத்தார்கள், நாங்களும் எடுத்தோம். ஒருத்தரும் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு ஒருவன், "சரி, இங்க இனி பாக்க என்ன இருக்கு?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியை வைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். கிளிநொச்சி என்றால் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது 2009 மட்டும்தான். தெற்கில் இருப்பவருக்கு அது பிடிக்கப்பட்ட ஊர். நமக்கு அது இழந்த ஊர். இரண்டு பேருக்குமே அது போரோடு தொடங்கிப் போரோடு முடிகிற ஊர். அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது, அங்கே யார் வந்து குடியேறினார்கள், வந்தவர்களில் யாருக்குக் காணி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை.

எந்த ராஜா கட்டியது?

சின்னத் தாத்தா ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் முன்னால் போக, எங்கள் வான் பின்னால் போனது. இரணைமடுக் குளக்கட்டில் ஏறியதும் வானுக்குள் இருந்த சத்தம் நின்றுவிட்டது. மாரி மழை வஞ்சகம் செய்யாத வருடம். அக்கரை தெரியாத அளவுக்குத் தண்ணீர். காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது.

முதல் நாள்தான் அநுராதபுரத்தில் திசா வாவியையும் நுவர வாவியையும் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அந்த நினைப்பில் ஒரு நண்பன் கேட்டான்: "இது எந்த ராஜா கட்டினது?"

எந்த ராஜாவும் இல்லை. இரணைமடு 20ஆம் நூற்றாண்டின் குளம். கனகராயன் ஆற்றை மறித்து இங்கே ஒரு பெரிய நீர்த்தேக்கம் கட்டலாம் என்ற யோசனையை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் முன்வைத்தவர் ஹென்றி பார்க்கர் என்ற ஆங்கிலேய நீர்ப்பாசனப் பொறியியலாளர். இலங்கையின் பழைய குளங்களைப் பற்றியும் கிராமத்துக் கதைகளைப் பற்றியும் புத்தகம் எழுதியவரும் அவர்தான். வேலை 1902 இல் தொடங்கி 1920 இல் முடிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950களிலும் 1970களிலும் அணையை உயர்த்தினார்கள். இன்று வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம் இதுதான். இடதுகரை, வலதுகரை என்று இரண்டு பெரிய வாய்க்கால்கள் பிரிந்து, ஏறக்குறைய 21,000 ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகின்றன. 'இரணை' என்றால் இரட்டை, 'மடு' என்றால் ஆழமான நீர்நிலை. ஆற்றுப் போக்கில் முன்பு இருந்த இரண்டு மடுக்களின் பெயர் குளத்துக்கும் நின்றுவிட்டது.

வெள்ளைக்காரனுக்கு இந்தக் காட்டில் என்ன அக்கறை? யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர், சின்னச் சின்னத் தோட்டக் காணிகள். ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள், நிலம் கூடவில்லை, அரிசி வெளியில் இருந்து வந்தது. ஆனையிறவுக்குத் தெற்கே நிலம் இருந்தது, ஆறு இருந்தது, ஆட்கள் குறைவு. 1905 இல் வடக்கு ரயில் பாதை முழுதாகத் திறக்கப்பட்டபோது அந்தக் காட்டுக்கு நடுவே கிளிநொச்சி ஒரு ஸ்டேஷன் ஆனது. குளமும் தண்டவாளமும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வந்தவை. இன்று நாம் பார்க்கிற டவுன் இந்த இரண்டையும் சுற்றி வளர்ந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 'ஆளில்லாத காடு' என்று எழுதிவிடுவது லேசு. ஆனால் வன்னியில் குளமும் வயலும் பழையவை. பக்கத்துப் பூநகரிப் பகுதியில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் செய்த தொல்லியல் ஆய்வுகள் அங்கே மிகப் பழைய காலத்திலேயே குடியிருப்புகள் இருந்ததைக் காட்டுகின்றன. ஆகவே வெள்ளைக்காரன் வந்து வெறும் நிலத்தில் ஊரை உண்டாக்கினான் என்று சொல்வது பிழை. ஒரு பெரிய குளமும் அதைச் சுற்றிய குடியேற்றமும் புதிது என்று சொல்வதுதான் சரி.

வாய்க்கால் இலக்கமே விலாசம்

குளம் 1920 இல் முடிந்தாலும் வயல்கள் உடனே நிரம்பிவிடவில்லை. காட்டில் மலேரியா இருந்தது. யானை இருந்தது. யாழ்ப்பாணத்தில் அரைப் பரப்புக் காணிக்குக் கோர்ட் ஏறுகிற ஆட்கள்கூட இங்கே வர யோசித்தார்கள். 1935 இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. அரச காணியைத் துண்டு துண்டாகப் பிரித்து, நிலமில்லாத விவசாயிகளுக்கு அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கிற முறை அது. நாம் 'பெர்மிட் காணி' என்று சொல்வது இதைத்தான். அடுத்த வருடம், 1936 இல், குடாநாட்டின் நெருக்கடியையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் குறைப்பதற்காகக் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. 1940களின் நடுப்பகுதியில் டிடிரி மருந்து தெளிக்கத் தொடங்கி மலேரியா அடங்கிய பிறகு ஆட்கள் துணிந்து வந்தார்கள்.

உருத்திரபுரம், கனகபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம், முரசுமோட்டை. இந்த ஊர்களின் வரைபடத்தைப் பார்த்தால் யாரோ ரூலர் வைத்துக் கீறினது மாதிரி இருக்கும். காரணம் வாய்க்கால். பெரிய வாய்க்காலில் இருந்து கிளை வாய்க்கால், அதற்கு ஓர் இலக்கம், அதன் கரையில் காணிகள். உருத்திரபுரத்தில் இன்றைக்கும் "எங்கட வீடு எட்டாம் வாய்க்காலில", "பத்தாம் வாய்க்காலில இறங்குங்கோ" என்று சொல்வார்கள். கோயிலையோ தெருவையோ வைத்து விலாசம் சொல்கிற நாட்டில், இவர்கள் தண்ணீர் போகிற பாதையை வைத்துச் சொல்கிறார்கள்.

பெர்மிட் காணிக்குச் சில விதிகள் இருந்தன. விற்க முடியாது, பிரிக்க முடியாது, ஒரே ஒருவருக்குத்தான் உரித்து. பெர்மிட்காரர் யாரையும் பெயர் குறிக்காமல் இறந்தால் சட்டத்தின் அட்டவணையில் மகன்மார் முன்னால் நின்றார்கள், மகள்மார் பின்னால் நின்றார்கள். இந்த அட்டவணை 2022 இல்தான் திருத்தப்பட்டது. வாய்க்கால் கரையில் பிறந்து, நாற்று நட்டு, களை பிடுங்கின எத்தனையோ பெண் பிள்ளைகளுக்கு அந்த மண்ணில் சட்டப்படி இரண்டாம் இடம்தான் இருந்தது. இதை எங்கள் வானில் சொன்னபோது உருத்திரபுரத்தில் அம்மம்மா வீடு உள்ள நண்பி, "எங்கட வயல் மாமாவுக்குப் போனது அதாலதானா?" என்று கேட்டாள். அவளுக்கு அது இவ்வளவு நாளும் குடும்பத்துக்குள் நடந்த ஒரு சண்டையாகத்தான் தெரிந்திருந்தது.

1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1970களில் அன்றைய அரசாங்கம் மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வன்னியில் மிளகாய்ச் செய்கை காசு கொட்டியது. விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கங்களில் படித்த இளைஞர்களுக்கான குடியேற்றத் திட்டங்களும் வந்தன. அந்தக் காலத்தை வயசானவர்கள் இப்போதும் ஒரு சிரிப்போடு சொல்வார்கள். 1984 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்து பிரிந்து கிளிநொச்சி தனி மாவட்டமானது.

இவ்வளவும் நம் பெரியவர்கள் பெருமையோடு சொல்கிற கதை. காட்டை வெட்டிக் கழனி ஆக்கிய கதை. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் காட்டை யார் வெட்டியது?

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

குளக்கட்டில் இருந்து இறங்கி மலையாளபுரத்துக்குப் போனோம். மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம், தொண்டமான் நகர் என்று ஏ-9 வீதியின் இரண்டு பக்கமும் உள்ள இந்த ஊர்களில் பெரும்பாலானவர்கள் மலையக வழி வந்தவர்கள். இவர்கள் ஏன் இங்கே வந்தார்கள் என்பது தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் இருந்து கூட்டி வரப்பட்ட எங்கள் மூதாதையர் மன்னாரில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். அந்தக் காட்டுப் பாதையில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. வன்னிக் காடு எங்களுக்கு முதலில் அப்படித்தான் அறிமுகம். கோப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் அமைத்துக் கொடுத்த அந்த மக்களைச் சுதந்திர இலங்கை 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தது. குடியுரிமை இல்லாதவருக்கு அரச காணி கிடைக்க வழியில்லை. கிளிநொச்சியில் வாய்க்கால் கரைக் காணிகள் பங்கிடப்பட்டுக்கொண்டிருந்த அதே வருடங்களில் எங்கள் ஆட்கள் அந்த வரிசையில் நிற்கவே உரிமை இல்லாதவர்களாக இருந்தார்கள்.

1970களின் முதல் பாதியில் தோட்டங்களில் பட்டினி. தோட்டங்கள் அரசுடைமையானபோது பலருக்கு வேலையும் இல்லாமல் போனது. 1977 மே மாதம், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை அரசு பிரித்துக் கொடுக்கப் போனதை எதிர்த்த தொழிலாளர்கள்மீது டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டது. சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் செத்தார். அதே வருடம் ஓகஸ்டில் இனக்கலவரம். லயன்கள் எரிந்தன. வடக்கே போனால் தமிழ்ச் சனம் நடுவில் பயமில்லாமல் இருக்கலாம் என்று பல குடும்பங்கள் கிளம்பின. வவுனியாவில் கட்டடக் கலைஞர் டேவிட், வைத்தியர் இராஜசுந்தரம் ஆகியோர் முன்னின்று நடத்திய காந்தியம் அமைப்பு இப்படி வந்தவர்களைக் குடியமர்த்த உழைத்தது. 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டவர்களில் இராஜசுந்தரமும் ஒருவர்.

சின்னத் தாத்தா இந்த ஆண்டுகளை எல்லாம் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு.

"நாங்க வரயில இது பூரா காடு பாப்பா. வயல்காரங்க கூட்டிட்டு வந்து, இங்க இருந்துக்கங்க, காட்ட வெட்டுங்க, வேலை தாறம்னு சொன்னாங்க. வெட்டுனோம். வெட்டுன காணி அவங்க பேருக்குப் போச்சு. நாங்க கொட்டில் போட்ட மேடு மட்டும் எங்களுக்கு. அதுக்கும் கடதாசி இல்ல."

அவருடைய வீட்டு வாசலில் நின்று பார்த்தால் வாய்க்கால் தெரிகிறது. தண்ணீர் ஓடுகிறது. ஆனால் அது பள்ளத்து வயலுக்குப் போகிற தண்ணீர். அவருடைய காணி மேட்டில் இருக்கிறது. நாற்பது வருடமாக அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் கூலிக்கு நாற்று நட்டார், வரம்பு கட்டினார், அறுத்தார், சூடு மிதித்தார். வெட்டு மெஷின் வந்த பிறகு அந்த வேலையும் குறைந்துவிட்டது. வீட்டுக் கிணறு சித்திரைக்குப் பிறகு வற்றும்.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டும் இல்லை. கிளிநொச்சியில் மலையக வழித் தமிழர்களின் காணிப் பிரச்சினை எத்தனையோ கூட்டங்களில் பேசப்பட்டிருக்கிறது. நீர்ப்பாசன வயல் இல்லாதவர்கள், பெர்மிட் இல்லாத காணியில் இருப்பவர்கள், வேறொருவர் பெயரில் உள்ள காணியில் பல ஆண்டாக இருப்பவர்கள் என்று பார்த்தால் அதில் பெரிய பங்கு இந்த ஊர்க்காரர்கள்தான். அவர்களைக் குறிக்க நம்மிடம் சொற்களும் இருந்தன. 'வடக்கத்தியான்', 'தோட்டக்காட்டான்'. பேரினவாதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம் இந்த இரண்டு சொற்களைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்?

ஊர் வெறுமையான நாள்

1990 ஜூனில் யாழ்தேவி நின்றது. 1996 செப்டெம்பரில் இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்தது, 1998 செப்டெம்பரில் புலிகள் திருப்பிப் பிடித்தார்கள். 2002 சமாதான காலத்தில் ஏ-9 திறந்து, கிளிநொச்சி புலிகளின் நிர்வாக மையமாக இருந்தது. வெளிநாட்டுத் தூதுவர்கள் வந்து போனார்கள். 2006 ஓகஸ்டில் வீதி மூடியது. 2009 ஜனவரி 2 ஆம் திகதி இராணுவம் நுழைந்தபோது டவுனில் சனம் இல்லை. எல்லோரும் கிழக்கே, முல்லைத்தீவுப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மே மாதம் வரை நடந்தது நமக்குத் தெரியும்.

டவுனில் ஒரு தண்ணீர்த் தாங்கி சரிந்து கிடந்தது. புலிகள் பின்வாங்கும்போது தகர்த்தார்கள் என்று இராணுவம் சொன்னது. போருக்குப் பிறகு பல வருடங்களாகத் தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். எங்கள் சிங்கள நண்பி ஒருத்தி சின்ன வயதில் பாடசாலைச் சுற்றுலாவில் வந்து அப்படி எடுத்த படம் இன்னும் வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். குளத்தின் பெயரால் உண்டான ஊரில் சுற்றுலாக்காரருக்குக் காட்டப்பட்டது குளம் இல்லை, உடைந்த தண்ணீர்த் தாங்கி.

சின்னத் தாத்தா குடும்பமும் அந்த வருடம் நடந்தது. மலையாளபுரத்துப் பிள்ளைகளும் போரில் செத்தார்கள். சாகும்போது வடக்கத்தியான் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. முகாமில் இருந்து திரும்பி வந்தபோது பிரிப்பு மறுபடியும் வந்தது. வீட்டுத்திட்டங்கள் வந்தபோது காணிக் கடதாசி கேட்டார்கள். பெர்மிட் உள்ளவருக்கு வரிசை வேகமாக நகர்ந்தது. இல்லாதவர் தறப்பாளுக்குக் கீழே இன்னும் கொஞ்சக் காலம் இருந்தார். "நாங்க இங்க இருந்ததுக்கு சாட்சி கேட்டாங்க. நான் வச்ச தென்னைய காட்டுனேன். ஷெல் பட்டு மொட்டையா நின்னுச்சு, ஆனா நான் வச்சதுதான்" என்றார் சின்னத் தாத்தா. அந்தத் தென்னை இப்போது இல்லை. அதே இடத்தில் ஒரு புதுத் தென்னை வைத்திருக்கிறார்.

கூட்டத்தில் யார் இருக்கிறார்கள்?

2013 செப்டெம்பரில் ரயில் மறுபடி கிளிநொச்சிக்கு வந்தது, அடுத்த வருடம் யாழ்ப்பாணம் போனது. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. டவுனைப் பார்த்தால் வங்கிகளும் ஃபோன் கடைகளும்தான் கண்ணில் படும். ஆனால் ஊரின் பேச்சு இன்னமும் குளத்தைச் சுற்றித்தான்.

இரணைமடுத் தண்ணீரில் ஒரு பங்கைக் குழாயில் யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டுபோகும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு வந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாது என்பது அவர்கள் வாதம். குடிக்கவே நல்ல தண்ணீர் இல்லை என்பது குடாநாட்டின் வாதம். இரண்டும் நியாயம்தான். கடைசியில் கடல் தண்ணீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. 2018 டிசம்பரில் நடந்தது இதற்கு நேர்மாறு. குளம் புனரமைக்கப்பட்டு அதிக நாள் ஆகவில்லை, ஒரே இரவில் பெய்த மழையில் கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர் ஊராக வெள்ளம்.

ஒவ்வொரு வருடமும் சிறுபோகத்துக்கு முன்னால் ஒரு கூட்டம் நடக்கும். குளத்தில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று முடிவெடுக்கும் கூட்டம். அதிகாரிகள் வருவார்கள், கமக்காரர் அமைப்புகள் வரும். சத்தம் வரும், சில நேரம் சண்டையும் வரும். இருந்தாலும் நம் நாட்டில் சனம் உட்கார்ந்து ஒரு பொதுச் சொத்தைப் பங்கிடுகிற அபூர்வமான இடங்களில் அதுவும் ஒன்று.

"நீங்க அந்தக் கூட்டத்துக்குப் போவீங்களா தாத்தா?" என்று கேட்டேன்.

"வயல் இருக்கிறவனுக்குத்தான் கூட்டம் பாப்பா. எனக்கு அங்க என்ன பேச்சு?"

இவ்வளவு நாளும் நான் படித்த வரலாற்றில் கேட்கப்படாத கேள்வி இதுதான் என்று எனக்குப் பட்டது. யார் கட்டினார்கள், யார் பிடித்தார்கள், யார் இழந்தார்கள் என்று எழுதுகிறோம். கூட்டத்துக்கு யாரைக் கூப்பிடவில்லை என்று எழுதுவதில்லை. கிளிநொச்சியை நாம் இழந்த ஊர் என்று சொல்லும்போது அந்த 'நாம்' என்ற சொல்லுக்குள் சின்னத் தாத்தா இருக்கிறாரா? இருக்கிறார் என்றால், அவருடைய கடதாசி இல்லாத மேட்டுக் காணியும் நம்முடைய அரசியல் பிரச்சினைதான். அதைக் கொழும்பு தீர்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. வாய்க்காலின் அந்தப் பக்கம் உள்ள காணிகளின் கடதாசி கொழும்பில் இல்லை, நம்முடைய வீட்டு அலுமாரிகளில் இருக்கிறது.

மத்தியானம் குளத்து மீன் குழம்பும் மொட்டைக் கறுப்பன் சோறும் சாப்பிட்டோம். மூன்று மணித்தியாலம் என்றது ஐந்தானது. யாரும் கோபப்பட்ட முகம் போடவில்லை. ராஜா யார் என்று கேட்ட நண்பன் சின்னத் தாத்தாவின் புதுத் தென்னைக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினான். உருத்திரபுரத்து நண்பி வானில் ஏறியதும் அம்மாவுக்குப் போன் எடுத்து, "அம்மா, எங்கட வயலில முதல் காடு வெட்டினது ஆர்?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் அம்மா என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. பரந்தன் சந்தி தாண்டும் வரை அவள் போனை வைக்கவில்லை.

அடுத்த நாள் பருத்தித்துறையில் காலை நனைத்தோம், படமும் எடுத்தோம். நீங்களும் ஏ-9 இல் போகும்போது கிளிநொச்சியில் டீக்கு நிறுத்தினால் நினைவுச் சின்னத்தைப் பாருங்கள், பார்க்கத்தான் வேண்டும். பிறகு இரணைமடுக் கட்டு வரை போய், அங்கிருந்து தண்ணீர் போகிற பாதையையும் போகாத மேட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.